இடக்கைக்கு ஒரு மடக்குக் கத்தி

வீட்டில் பழைய பேனாக்கத்தி ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அலகை விரித்து, கூர் விளிம்பு கீழேயும் முனை இடப்பக்கமும் இருக்கிற மாதிரி பிடித்தால், உங்களைப் பார்க்கிற முகத்தில் முதுகை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். நகத்தைக் கொடுத்து அலகை வெளியே இழுப்பதற்காக வெட்டிய பள்ளம் அது. கத்தியைத் திருப்பினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் மொட்டையாக இருக்கும். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் இந்த இரண்டு பக்கத்துக்கும் பெயரே வைத்திருந்தார்கள். பட்டறையின் முத்திரை விழுகிற பக்கம் 'மார்க் சைடு', மற்றது 'பைல் சைடு'. நகப்பள்ளமும் முத்திரை விழுகிற பக்கம்தான். ஆக, பார்க்கிறதுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிற பொருளுக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகம் வலது கைக் கட்டைவிரலுக்காக வைத்த முகம்.

என் தம்பி இடக்கைக்காரன். கோயம்புத்தூரில் எலெக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்கிறான். பாதி நாள் ஏணி மேல்தான். வலது கை ஏணியைப் பிடித்திருக்கும், இடது கை வேலை செய்யும். அவன் சட்டைப் பையில் மூணு வருஷமா ஒரு லைனர் லாக் கத்தி இருக்கு. அதை விரிப்பதே அவனுக்கு ஒரு வித்தை. மூடுவது அதைவிட மோசம்: ஆள்காட்டி விரலால் லாக்கைத் தள்ளி, அலகின் முதுகைத் தொடையில் அழுத்தி மடக்குவான். பேன்ட்டில் கிழிசல் தைத்த கோடு ஒன்று இருக்கு. அதே இடத்தில் தொடையிலும் ஒரு கோடு இருக்கு. "இதை எனக்குத் தகுந்த மாதிரி மாத்திக் கொடுண்ணா"ன்னு கேட்டான். மாற்றப் போய்தான் இந்த வரலாறு முழுக்கப் படிக்க வேண்டி வந்தது. (சோழர் கல்வெட்டில் வரும் இடங்கை, வலங்கை பற்றி எழுதியிருப்பேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். அது சாதிப் பிரிவு. இது நிஜக் கை.)

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது கொஞ்சம் விசித்திரமானது. கத்தி பழசாக இருந்த வரைக்கும் இடக்கைக்காரனுக்குப் பெரிய சிக்கல் இல்லை. அது முன்னேற முன்னேறத்தான் அவன் வெளியே தள்ளப்பட்டான்.

மடக்குக் கத்தி ரொம்பப் பழைய சமாச்சாரம். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி போட்ட ஒன்று, கி.மு. 600-500 வாக்கில் உள்ளதாகச் சொல்லப்படுகிறது. ரோமானியர்களிடமும் மடக்குக் கத்தி இருந்தது. அதற்கெல்லாம் லாக் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கீலின் இறுக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். கைப்பிடியின் முதுகில் ஸ்பிரிங் வைத்து அலகை 'டக்'கென்று நிறுத்துகிற வேலை ஷெஃபீல்டில் 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. அந்த ஸ்பிரிங் இருக்கிறது நடு முதுகில். அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை.

'பேனாக்கத்தி' என்ற நம்ம சொல்லே இறகுப் பேனாவைச் சீவின கத்தியிலிருந்து வந்ததுதான். வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு வாத்தின் இடது சிறகு இறகு வாகு என்பார்கள், வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கம் போகும். இடக்கைக்காரனுக்கு வலது சிறகு. வாத்துக்கு இரண்டு சிறகும் சமமாக இருக்கிறதால, 100-க்கு 10 பேராக இருக்கிற இடக்கைக்காரர்களுக்கு உலகத்து இறகில் பாதி தோதாக இருந்திருக்கு! அதற்கு அப்புறம் எந்தச் சாமானிலும் அவர்களுக்கு இவ்வளவு பெரிய பங்கு கிடைத்த மாதிரி தெரியவில்லை.

ஜப்பானில் ஹ்யோகோ மாநிலத்து மிகி ஊரில் 1890-களில் உருவான ஹிகோனோகாமி எனக்கு ரொம்பப் பிடித்த கத்தி. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் ஒரு அலகு. அலகின் வாலிலிருந்து ஒரு சின்ன நெம்பு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு எழும்பும், அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் மடங்காது. நெம்பு நட்டநடுவில் இருக்கிறதால எந்தக் கட்டைவிரலானாலும் சரி. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த மலிவான கத்தி அது. 1960-இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா இனேஜிரோ மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்காதே என்ற இயக்கம் வந்து அந்தப் பழக்கமே தேய்ந்து போச்சு. இத்தனைக்கும் கொலை செய்தது குட்டை வாளால்!

அதே 1890-இல் பிரான்ஸின் சவுவா மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் தன் மரப்பிடிக் கத்தியைச் செய்ய ஆரம்பித்தார். கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் 1955-இல்தான் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்ஸெனர் 1891-இல் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்கத் தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்ற அதில் ஒரு திருப்புளி. 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் கார்க் திருகு சேர்ந்தது.

இந்தக் கத்திகளை இடக்கைக்கு மாற்றுவது ஒரு சாயங்கால வேலை. மறுபக்க முகத்தில் இன்னொரு நகப்பள்ளம் வெட்டினால் போதும். அலகு கடினப்படுத்திய எஃகு, சாதாரண அரம் வழுக்கும். வைர முனை போட்ட கிரைண்டிங் பிட் வேணும். சூடேறாமல் பார்த்துக்கணும், தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்கணும். 200 டிகிரியைத் தாண்டி வைக்கோல் நிறம் ஏறினால் அந்த இடத்தில் எஃகின் கடினம் இறங்க ஆரம்பிச்சிடும். என்னிடம் இருந்த ஒரு பழைய கத்தியில் அரை மணி நேரத்தில் வெட்டினேன். பள்ளத்தின் மேல் விளிம்பு செங்குத்தாக இருக்கணும், கீழ்ப்பக்கம் சரிவாக வரணும், இல்லைன்னா நகம் பிடிக்காது. ஸ்விஸ் கத்தியிலும் தொழிற்சாலையிலேயே பள்ளத்தை மறுபக்கம் மாற்றி இடக்கைக்காரருக்கு என்று தனி மாடல்கள் வந்திருக்கின்றன.

கார்க் திருகுதான் இந்தக் கூட்டத்தில் உண்மையான வலக்கைக் கட்சி. அதன் புரி நம்ம ஸ்க்ரூ புரியேதான், கடிகார முள் திசையில் உள்ளே போகும். வலது முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புகிற திசை அது. மேற்கையின் பெரிய தசை முழுசாகச் சேர்ந்து கொடுக்கிற பலம் அந்தத் திசையில்தான் இருக்கு. இடது கையால் அதே திசையில் திருகினால் அந்தத் தசையின் உதவி கிடைக்காது. தம்பி தினமும் நூறு ஸ்க்ரூ முடுக்குகிறவன். "சாயங்காலம் ஆனா மணிக்கட்டு வலிக்குதுண்ணா"ன்னு அவன் சொன்னபோதெல்லாம் இது எனக்கு உறைத்ததில்லை. கழற்றுவது மட்டும் அவனுக்கு எங்களைவிடச் சுலபம்.

இது வரைக்கும் எல்லாம் இரண்டு கைக் கத்திகள். ஒரு கை பிடிக்கும், ஒரு கை இழுக்கும். இரண்டு கையும் வேலையில் இருக்கிற வரைக்கும், எந்தக் கை எதைச் செய்யணும் என்பதில் ஒரு சலுகை இருந்தது. நகப்பள்ளம் தப்பான பக்கம் இருந்தால் கத்தியைத் திருப்பிப் பிடித்துச் சமாளிக்கலாம். சிக்கல் ஆரம்பித்தது "ஒரு கையாலேயே விரிக்கணும், ஒரு கையாலேயே மூடணும்" என்று கிளம்பிய பிறகு.

அதன் விதை 1906-இல் விழுந்தது. நியூயார்க் மாநிலத்து கேட்டராகஸ் கட்லரி கம்பெனிக்காக வாட்சன், சாட்விக் என்ற இருவரின் பெயரில் வந்த ஒரு காப்புரிமை. கைப்பிடிக்குள் இருக்கிற தகட்டை — அதுதான் லைனர் — நீளவாக்கில் பிளந்து, ஒரு நாக்கு மாதிரி உள்பக்கம் வளைத்து விட்டார்கள். அலகு முழுசாக விரிந்ததும் நாக்கு பக்கவாட்டில் பாய்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுத்து நிறுத்தும். யாருக்காக? எலெக்ட்ரீஷியன்களுக்கான கத்திகளில்தான் அது முதலில் போனது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படை லைன்மேன்களுக்குக் கொடுத்த டி.எல்.-29 கத்தியிலும் அதே நாக்கு உண்டு, அங்கே அது பூட்டினது திருப்புளியை. ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கும்போது திருப்புளி விரல் மேல் மடங்கக் கூடாது இல்லையா. அதாவது தம்பியின் கையில் இருக்கிற லாக், கம்பத்தில் ஏறுகிற அவன் தொழில்காரர்களுக்காகவே பிறந்த லாக். வேறு கைக்காக, அவ்வளவுதான் வித்தியாசம்.

1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் இந்த நாக்கை எடுத்து, முதுகு ஸ்பிரிங்கை அடியோடு தூக்கிவிட்டு, லைனர் ஒன்றை நம்பியே முழுக் கத்தியையும் கட்டினார். நாக்கில் ஒரு குட்டிக் குண்டு, அலகில் அதற்கு ஒரு குழி. கத்தி மடங்கியிருக்கும்போது குண்டு குழியில் உட்காரும், பையில் தானாகத் திறக்காது. ஒரு கையால் விரித்து அதே கையால் மூடலாம். இன்றைக்குக் கடையில் தொங்குகிற மலிவான மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வம்சம்தான்.

இங்கேதான் கை உள்ளே புகுந்தது. வலது கையில் கத்தியைப் பிடித்தால் கட்டைவிரல் கைப்பிடியின் இடப்பக்கம் இருக்கும். நாக்கு வலது லைனரில். கட்டைவிரல் உள்ளே நுழைந்து அதை வலப்பக்கமாகத் தள்ளினால் பூட்டு விடும். தள்ளுவது கட்டைவிரலுக்கு இயல்பான வேலை. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் வலப்பக்கம் போயிடும். இப்போது அது நாக்கைத் தன்னை நோக்கி இழுக்கணும், அதற்குப் பிடிமானம் கிடையாது. ஆகவே ஆள்காட்டி விரல் அந்த வேலைக்கு வருகிறது. வலக்கைக்காரரின் கட்டைவிரலும் அலகு மடங்கி வருகிற பாதையில்தான் இருக்கு என்பது நிஜம், அவரும் சமயத்தில் விரலை எடுக்கணும். ஆனால் அவர் கட்டைவிரலை எடுத்தாலும் நாலு விரல் பிடியில் இருக்கும். இடக்கைக்காரன் பிடித்திருக்கிற விரலையே பூட்டைத் திறக்க அனுப்புகிறான். பிடி தளர்கிற கணமும் பூட்டு விடுகிற கணமும் ஒன்று. தம்பி தொடையைத் துணைக்குக் கூப்பிட்டது இதனால்தான்.

1981-இல் கொலராடோவின் ஸ்பைடர்கோ, நிறுவனர் சால் க்ளெஸ்ஸர், 'வொர்க்கர்' என்ற கத்தியை வெளியிட்டார்கள். அதில் இரண்டு புதுமை. ஒன்று, அலகில் ஒரு வட்ட ஓட்டை, கட்டைவிரலை வைத்து விரிக்க. ஓட்டை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் போகும், எந்தக் கட்டைவிரலும் புகும். இரண்டாவது, பை விளிம்பில் மாட்ட ஒரு கிளிப். அது வலது பக்கம் மட்டும். ஒரே கத்தியில் ஒரு யோசனை எல்லாருக்கும், இன்னொன்று பாதிக்கு மேல் பேருக்கு. இத்தனைக்கும் இரண்டையும் நினைத்தது ஒரே மூளை! குறை சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் இது எப்படி யாரும் முடிவெடுக்காமலே நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சாஃப்ட்வேரில் டீஃபால்ட் வேல்யூ என்று ஒன்று வைப்போம், அது மாதிரி. யாரும் இடக்கைக்காரனுக்கு எதிராக எதையும் செய்யவில்லை. அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை, டீஃபால்ட் வந்து உட்கார்ந்தது.

எந்தப் பக்கம் மாட்டுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. விவிலியத்தில் நியாயாதிபதிகள் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் ஏகூத் என்ற இடக்கைக்காரன் வருவான். இருபுறமும் கூரான கத்தியை வலது தொடையில் உடைக்குள் கட்டிக்கொண்டு மோவாப் ராஜாவிடம் போவான். வலக்கைக்காரன் இடது தொடையில் கட்டுவான், இடக்கைக்காரனுக்கு வலது தொடை. அது குறுக்காக உருவும் வாள். பையில் மாட்டும் மடக்குக் கத்தியோ அதே பக்கத்துக் கையால் எடுப்பது. தம்பிக்கு இடது பை.

சரி, வேலைக்கு வருவோம். தம்பியின் கத்தியை முழுசாகக் கழற்றினேன். கிளிப் ஸ்க்ரூக்களுக்கு டி6, கீலுக்கு டி8.

கிளிப் சுலபம். இடப்பக்கப் பிடியில் ஓட்டை இல்லை. பழைய கிளிப்பையே வார்ப்புருவாக வைத்துப் புள்ளி குத்தி, 1.6 மி.மீ. பிட்டில் துளைத்து, எம்2 டேப்பில் மரை போட்டேன். மேலே இருக்கிற ஃபைபர் தகட்டில் மரை நிற்காது, அடியில் இருக்கிற எஃகு லைனரில்தான் பிடிக்கணும். ஸ்க்ரூவின் நுனி லைனரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அலகில் உரசும். ஸ்க்ரூவை அரை மி.மீ. ராவி எடுத்தேன்.

கட்டைவிரல் குமிழும் சுலபம். அலகில் ஊடுருவிய ஓட்டை, ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் ஸ்க்ரூ. கழற்றித் திருப்பி மாட்டினால் முடிஞ்சது. சில கத்திகளில் இந்தக் குமிழே அலகை நிறுத்துகிற முட்டாகவும் இருக்கும், அப்படி இருந்தால் தொடக் கூடாது. இதில் இல்லை.

பூட்டில்தான் நின்றேன். கணினியில் வரைந்தால் 'மிரர்' என்று ஒரு கட்டளை, இடது லைனர் வலதாகிவிடும். லேசரில் வெட்டித் தர இங்கே பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிரச்சினை லைனரோடு முடியவில்லை. நாக்கு வந்து முட்டுகிற அலகின் அடிமுகம் நேராக இல்லை, 7-8 டிகிரி சாய்வு. நாக்கு ஆப்பு மாதிரி இறுகுவது அந்தச் சாய்வால். நாக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் சாய்வும் எதிராக இருக்கணும். இருக்கிற சாய்வைச் சீவி எதிராக்கினால் அலகின் அடி குட்டையாகும், பூட்டு தொளதொளக்கும். குண்டுக்கான குழியை மறுபக்கம் போடணும், கடினப்படுத்திய எஃகில் கார்பைடு பிட்டால். அதாவது லைனர், அலகு, இரண்டுமே புதுசு. அதற்குப் பிறகு பழைய கத்தியில் மிஞ்சுவது கைப்பிடி மட்டும். லேத் பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு "சார், இது கத்தியை மாத்துறது இல்ல, கண்ணாடிக்குள்ள இருக்கிற கத்திய வெளிய எடுக்கிறது"ன்னார்.

இதைச் சரியாகச் செய்கிற கம்பெனிகள் முழுக் கண்ணாடிப் பிம்பத்தையே செய்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போன கிறிஸ் ரீவ், லைனரை விட்டுக் கைப்பிடிச் சட்டத்தையே பிளந்து பூட்டாக்கினார். அவருடைய 'செபென்ஸா' கத்தியை — ஜுலு மொழியில் 'வேலை' — இடக்கைக்கென்றே தனியாகச் செய்து தருவார்கள். ஸ்பைடர்கோவும் பாராமிலிட்டரி 2-ஐ இடக்கைக்கு வெளியிட்டது. விலைதான் நம்ம ஏணிக்கு எட்டாது.

இன்னொரு வழி, பூட்டையே இரண்டு பக்கமும் ஒன்றாக ஆக்குவது. 1964-இல் வந்த பக் 110 மாதிரி முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டுக்குப் பக்கம் கிடையாது. ஆனால் ஒரே கையால் மூட அது கொஞ்சம் மல்லுக்கட்டும். பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரும் வடிவமைத்து 1998-இல் பெஞ்ச்மேட் 710-இல் வந்த ஆக்ஸிஸ் லாக்கைத்தான் இந்தக் கதையின் திருப்பமாகச் சொல்வேன். அலகின் அடிக்கு மேல் குறுக்காக ஒரு எஃகுக் கட்டை, இரண்டு லைனர்களிலும் வெட்டிய சந்தில் ஓடும். இரண்டு பக்கமும் அதன் குமிழ் வெளியே தெரியும். குமிழைப் பின்னால் இழுத்தால் பூட்டு விடும், விரல் எதுவும் அலகின் பாதையில் இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இந்தக் குறுக்குக் கட்டை மலிவான கத்திகளுக்கும் இறங்கி வந்துவிட்டது. இடக்கைக்காரனுக்காக என்று தனியாக யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாமல் போன இடம் இது.

தம்பிக்கு அப்படி ஒன்று வாங்கினேன். இரண்டு பக்கமும் குமிழ், கிளிப் துளை இரண்டு பக்கமும் தயாராக இருந்தது. மிச்சமிருந்தது விளிம்பு. அலகின் பின்பாதியில் ரம்பப் பல், பல் தீட்டியிருப்பது ஒரு முகத்தில் மட்டும். ஒருபக்கச் சாய்வு எப்போதும் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டை இழுக்கும். ஜப்பானியச் சமையல்காரர்களுக்கு இது பால பாடம். வலக்கைக் கத்திக்குச் சாய்வு வலது முகத்தில், இடக்கைக் கத்தி தனியாகச் சொல்லிச் செய்யணும், விலையும் கூட. வேடிக்கை என்னன்னா, அமெரிக்கரான எர்னஸ்ட் எமர்சன் தன் ஒருபக்கச் சாய்வுக் கத்திகளை இடது முகத்தில்தான் தீட்டினார். கத்தி விமர்சகர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். இடக்கைக்காரர்கள் மட்டும் சத்தமில்லாமல் வாங்கிப் போயிருப்பார்கள்.

கேபிள் உறையை நீளவாக்கில் கீறும்போது இந்த இழுப்பு உள்ளே இருக்கிற கம்பியைச் சீண்டும். ரம்பப் பல்லை மொத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு முகத்திலும் சமமாகச் சாய்வு வைத்துத் தீட்டிக் கொடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. பூட்டுக் கட்டையை முன்னால் தள்ளுவது பக்கத்துக்கு ஒன்றாக, குதிரை லாடம் மாதிரி வளைந்த முடிக்கம்பி ஸ்பிரிங்குகள். ஒன்று உடைந்தாலும் மற்றது கொஞ்ச நாள் தாங்கும். ஒரு ஜோடி வாங்கி அவன் டூல் பெட்டியில் ஃபியூஸ் கம்பிப் பொட்டலத்தோடு போட்டு வைத்திருக்கிறேன்.